முகத்திலும் கண், தட்டிலும் கண்

கண்ணில் சொட்டு மருந்தை விட்டுவிட்டு, "அரை மணி நேரம் மூடிட்டே இருங்கப்பா, நடுவுல திறந்து பாக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள் நர்ஸ் பெண். வாழ்க்கையில் பாதிக்கு மேல் அரசாங்க அலுவலகத்தில் கழித்தவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தாலும் உத்தரவு அறுவைச் சிகிச்சை ஆன வலக் கண்ணுக்கு மட்டும்தான். இடக் கண்ணைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. விதியில் சொல்லப்படாதது அனுமதிக்கப்பட்டதே என்று பணிக்காலம் முழுக்க வாதாடியவன் நான். ஆகவே அதைத் திறந்து வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே நுழையும்போதே வரவேற்பு மேஜையில் ஒரு விசாரணை நடந்து முடிந்திருந்தது. "கூட யார் சார் வந்திருக்காங்க?" "ஆட்டோக்காரர்." "உறவா?" "எடமலைப்பட்டி புதூர்லேர்ந்து தில்லைநகருக்குப் பேரம் பேசாம வர்ற அளவுக்கு உறவு." அந்தப் பெண் சிரிக்கவில்லை. கணினியில் 'உறவினர்' என்று தட்டிக்கொண்டாள். நானும் அந்த இடத்தில் இருந்திருந்தால் அதையேதான் செய்திருப்பேன். கட்டம் காலியாக இருக்கக்கூடாது.

எதிர்ச் சுவரில் ஒரு படம். பழைய மரச்சட்டம், கண்ணாடியின் ஓரத்தில் பழுப்பு ஏறியிருக்கிறது. பச்சை அங்கியும் சிவப்பு மேலாடையும் அணிந்த இளம்பெண் ஒரு கையில் குருத்தோலையும் மறு கையில் தட்டும் ஏந்தி நிற்கிறாள். தட்டில் இரண்டு கண்கள். இமை, புருவம் எதுவும் இல்லாத வெறும் கண்கள், நம்மையே பார்க்கின்றன. கண் மருத்துவமனையில் மாட்ட வேண்டிய படமா இது என்று புதிதாக வருகிறவர்கள் திடுக்கிடுவார்கள். எனக்கு அந்தச் சட்டத்தின் இடது கீழ் மூலையில் இருக்கும் விரிசல்கூட பழக்கம். அது எந்த வீட்டுச் சுவரிலிருந்து இங்கே வந்தது என்பதும் தெரியும்.

என் பக்கத்து நாற்காலியில் முசிறியிலிருந்து வந்த ஒரு அம்மா. ஊர், வாழைத்தோப்பு, புரை விழுந்த விவரம் எல்லாவற்றையும் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் சொல்லியிருந்தார். அவர் படத்தைத் தலை சாய்த்துப் பார்த்தார். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்:

"கண்மலர் எடுத்துக்கிட்டுப் போவுது போல."

நான் வலக் கண்ணையும் திறந்துவிட்டேன்.

கண்மலர் தெரியுமல்லவா? சமயபுரத்தம்மனுக்கு வேண்டிக்கொண்டு கண் சரியானால், வெள்ளித் தகட்டில் அடித்த ஒரு ஜோடிக் கண்ணை வாங்கிக்கொண்டு போய்ச் செலுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். கால் வலிக்குக் கால், கை வலிக்குக் கை. கோவில் வாசல் கடைகளில் மனித உடம்பு மொத்தமும் உதிரி உதிரியாகத் தொங்கும். அந்தப் படத்தைப் பார்த்து அதே வார்த்தையைச் சொன்ன இன்னொரு பெண்ணை எனக்குத் தெரியும். அவளுக்குத்தான் நான் தாலி கட்டியிருந்தேன்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? ஸ்பிரிட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். ஆஸ்பத்திரி முழுக்க அந்த வாசனைதான். எனக்கு அது ஊசியை ஞாபகப்படுத்துவதில்லை, தட்டச்சு இயந்திரத்தை ஞாபகப்படுத்துகிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் பிரிவின் டைப்பிஸ்ட் லூசி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் நனைத்து எழுத்துகளைத் தேய்த்துக்கொண்டிருப்பார். 'ஓ'வுக்குள் அடைத்த மையை ஊக்கு நுனியால் எடுப்பார், காது குடைவதுபோல அவ்வளவு பதமாக. வீட்டுப் பாத்திரத்தைக்கூட யாரும் அப்படித் துலக்கி நான் பார்த்ததில்லை.

லூசி என்ற பெயரை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பது எளிதல்ல. "லூசு வந்துடுச்சா?" என்பது டெஸ்பாட்ச் பிரிவின் காலை வணக்கம். அவர் காதில் விழாது என்று நினைப்பார்கள். ஒருநாள் அவரே எழுந்து போய், "லூசு வந்து ரொம்ப நேரம் ஆச்சு. டைட்டுங்க எல்லாம் எப்ப வர்றதா உத்தேசம்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் மரியாதை இருந்தது.

வயது முப்பதைத் தாண்டியிருக்கும், கல்யாணம் ஆகவில்லை. மேலப்புதூரில் ஒரு சந்துக்குள் அம்மாவுடன் வீடு. அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நடந்தது எல்லாம் அதைச் சுற்றித்தான்.

அந்த வருடம் மழைக்காலத்தில் அவர் மேஜையை ஜன்னலுக்கு அருகே நகர்த்திக்கொண்டார். காற்றுக்காக என்று நினைத்தோம். பிறகு என்னிடம், "சார், உங்க டிராஃப்ட்ட நீங்களே படிங்களேன், நான் கேட்டு அடிச்சுடறேன். சீக்கிரம் முடியும்" என்றார். படித்தேன். நான் பாதிரிமார் கல்லூரியில் இலக்கியம் படித்தவன், அங்கே நாடகத்திலும் நடித்தவன். 'மேற்படி பொருள் குறித்து' என்பதைக்கூட ஏற்ற இறக்கத்தோடு படிப்பேன். அடுத்த டிராஃப்ட்டும் படிக்கச் சொன்னார். என் குரலில் ஏதோ இருக்கிறது என்று எனக்குள் ஒரு முடிவுக்கு வந்தேன். அதை வீட்டில் வேறு பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன்.

என் மனைவி சரோஜா லால்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். அப்போது நாங்கள் ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் வாடகைக்கு இருந்தோம். சொன்னதைக் கேட்டுவிட்டு அரிசியைக் களைந்துகொண்டே, "தினமும் படிச்சுக் காட்டறீங்களாக்கும். அந்தக் குரலைத்தான் இங்க நாங்க தினமும் கேக்கறமே, எங்களுக்கு ஒண்ணும் தோணலையே" என்றாள். 'எங்களுக்கு' என்று பன்மையில் சொன்னால் கோபம் என்று பொருள்.

அதற்கு நடுவில் ஒரு நாள் ஒரு காகிதம் வந்தது. பார்க்காமல் அடிக்கிறவர்கள் விரல்களை ஒரு கட்டை தள்ளி வைத்துவிட்டால் எல்லா எழுத்தும் ஒன்று தள்ளி விழும். வேகமும் தாளமும் சரியாகவே இருக்கும், சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. முழுப் பக்கம் அப்படி அடித்து, நிமிர்ந்து பார்க்காமல், மேலதிகாரியின் கையெழுத்துக்கு அனுப்பிவிட்டிருந்தார் லூசி. பிரிவே சிரித்தது. "லூசு புது பாஷை கண்டுபிடிச்சிருக்கு." அதிகாரி சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை இப்படி வந்தா மெடிக்கலுக்கு அனுப்பிடுவேன்மா" என்றார். அவர் சொன்னது மூளையை மனதில் வைத்து. லூசியின் முகம் வெளுத்தது ஏன் என்று நான் யோசிக்கவில்லை. மெடிக்கல் போர்டு முன்னால் நிறுத்தினால் என்ன நடக்கும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தக் கட்டடத்தில் கிடையாது. டைப்பிஸ்டுக்குக் கண் இல்லை என்று அவர்களாகக் கண்டுபிடித்தால் 'தகுதியற்றவர்' என்று ஒரே வார்த்தை, ஒரே முத்திரை, வீட்டுக்குப் போகலாம்.

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்ச நாள் முன்னால் லூசி தன் பெயர் கொண்ட புனிதையின் திருநாளுக்கு எங்களை வீட்டுக்கு அழைத்தார். சரோஜா உடனே, "போலாமே, நானும் பாக்கணும்" என்றாள். எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை.

சின்னக் கூடம். இயேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில், அதைவிடப் பெரிதாக, இந்தப் படம். சின்ன வயதில் லூசிக்குப் புது நன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுத்த அன்று ஒரு வெளிநாட்டுச் சாமியார் கொடுத்ததாம். லூசியின் அம்மா முறுக்கும் கேக்கும் கொண்டுவந்து வைத்தார். படத்தைச் சரோஜா வெறித்துப் பார்ப்பதைக் கண்டதும், எனக்குள் இருந்த கல்லூரி மாணவன் எழுந்துகொண்டான். யாரும் கேட்காமலே விளக்க ஆரம்பித்தேன்.

அர்ச்சியசிஷ்ட, அதாவது புனித, லூசியம்மாள் சிசிலித் தீவுக்காரி. ஆயிரத்தெழுநூறு வருடத்துக்கு முந்தைய சமாச்சாரம். தாயின் நோய் தீர்ந்த நன்றிக்குத் தன் சீதனத்தை எல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டாள். சீதனம் போனதும் மாப்பிள்ளைக்கு அவள் கிறிஸ்தவள் என்பது ஞாபகம் வந்து, ரோமானிய அதிகாரியிடம் எழுதிப்போட்டான். அவளைத் தண்டித்ததில் நடைமுறைக் கோளாறுகள் ஏராளம். விலைமாதர் வீட்டுக்கு இழுத்துப் போகச் சொன்னான் அதிகாரி. ஆள்கள் இழுத்தார்கள், அசையவில்லை. மாடுகளைப் பூட்டி இழுத்தார்கள், அப்போதும் அசையவில்லை. (எங்கள் அலுவலகக் கோப்புகளின் பாதுகாவலியாக அவளைத்தான் அறிவிக்க வேண்டும் என்று லூசியிடம் முன்பே சொல்லியிருக்கிறேன்.) நெருப்பு வைத்தார்கள், சுடவில்லை. கடைசியில் தொண்டையில் வாள். உத்தரவு ஒன்று, திருத்தம் மூன்று.

"கண்ணு எங்க வந்துச்சு?" என்றாள் சரோஜா.

அங்கேதான் விஷயமே. பழைய கதைகளில் கண்ணைப் பற்றிப் பேச்சே கிடையாது. லூசி என்ற பெயருக்கு லத்தீனில் வெளிச்சம் என்று வேர். வெளிச்சம் என்றால் கண் என்று ஜனங்கள் கண் நோய்க்கு அவளிடம் போனார்கள். அடையாளம் தெரிய வேண்டுமே என்று ஓவியர்கள் கையில் தட்டைக் கொடுத்து அதில் கண்ணை வைத்தார்கள். தட்டில் கண் எப்படி வந்தது என்று பார்த்தவர்கள் கேட்டபோது, தன் கண்ணழகைப் புகழ்ந்தவனுக்கு அவளே பிடுங்கி அனுப்பினாள் என்று ஒரு கதை கட்டப்பட்டது. அப்படியானால் முகத்தில் எப்படிக் கண் இருக்கிறது? கடவுள் புதிதாகக் கொடுத்தார் என்று இன்னொரு கதை. முதலில் தட்டு, பிறகு கதை. ஆபீஸ் பாஷையில், முன்தேதியிட்டு எழுதிய குறிப்பு. இத்தாலியில் ஓர் ஓவியர் தட்டே இல்லாமல், ஒரு மெல்லிய தண்டின் நுனியில் இரண்டு கண்களைப் பூவைப்போல மலரவைத்து அவள் விரலில் கொடுத்திருக்கிறார் என்பதையும் சொல்லி முடித்தேன். கல்லூரி நூலகத்தில் ஒரு புத்தகத்தில் பார்த்திருந்தேன்.

சரோஜா முறுக்கை மென்று முடித்தாள்.

"நீங்க சொல்றது எல்லாம் சரிங்க. ஆனா அது கண்மலருங்க. நீங்களே சொல்றீங்க, பூ மாதிரி இருக்குன்னு."

"அங்க சிசிலியில சமயபுரம் ஏது?"

"எங்க இருந்தா என்ன? முகத்துலயும் கண்ணு இருக்கு, தட்டுலயும் கண்ணு இருக்கு. அவ கண்ணு நல்லாத்தான் இருக்கு. அப்ப தட்டுல இருக்கறது அவளது இல்ல. வேற யாருக்கோ வேண்டிக்கிட்டு எடுத்துட்டுப் போறா." அப்புறம், வெகு இயல்பாக, லூசியின் அம்மா பக்கம் திரும்பினாள். "இந்த வீட்ல யாருக்கும்மா கண்ணு சரியில்ல?"

கிறிஸ்தவர் வீட்டில் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். அவர்களுக்கு அந்தப் படம் யார் என்று தெரியும். நானும் கேட்டிருக்க மாட்டேன், எனக்கு இன்னும் அதிகமாகத் தெரியும். வீட்டில் கண்மலர் இருந்தால் நேர்ந்துகொண்ட கண் ஒன்றும் இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஒருத்திக்குத்தான் அந்தக் கேள்வி வரும்.

அம்மா லூசியைப் பார்த்தார். லூசி ஜன்னலைப் பார்த்தார். எனக்கு ஒவ்வொன்றாக உறைத்தது: மேஜை, ஜன்னல், டிராஃப்ட், தள்ளி விழுந்த எழுத்து.

"எனக்குத்தான்," என்றார் லூசி. "ஆடியிலேர்ந்து எல்லாம் பனிக்குள்ள இருக்க மாதிரி இருக்கு. இந்த வயசுல புரைன்னு டாக்டர் சொல்றாரு. ரெண்டு கண்லயும். ஆபரேஷன்னு லீவு போட்டா ஆபீஸ்ல தெரிஞ்சிடும். தெரிஞ்சா அனுப்பிச்சிடுவாங்க. அம்மாவை வச்சுக்கிட்டு நான் எங்க சார் போவேன்?"

சரோஜா எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அக்கா, இவர் இருக்காரே, இவருக்கு வேற ஒண்ணும் தெரியாது. ரூல் மட்டும் தெரியும். இவர்கிட்ட கேளுங்க."

இதைவிடச் சரியான சிபாரிசை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. விதி இதுதான்: அவர்கள் கண்டுபிடித்து அனுப்பினால் தகுதியின்மை. நாமாகப் போய்ச் சிகிச்சை செய்துகொண்டு, குணமான சான்றோடு திரும்பினால் அது வெறும் மருத்துவ விடுப்பு. வரிசைதான் முக்கியம். அதிகாரி முந்துவதற்குள் டாக்டர் முந்த வேண்டும். மருத்துவச் சான்றில் நோயின் பெயர் இருக்கும்தான், ஆனால் எங்கள் அலுவலகத்தில் எந்தக் காகிதத்தையும் கடைசி வரி வரை படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. அந்தப் பழக்கமின்மையை நம்பி நான் பல நல்ல காரியங்கள் செய்திருக்கிறேன்.

திரும்பும்போது காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. சரோஜா ஆற்றைப் பார்த்தபடி, "குரல் நல்லாருக்குன்னு நெனச்சீங்களாக்கும்" என்றாள். பிறகு அம்மா மண்டபம் நிறுத்தம் வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

அந்தக் காலத்துக் கண் ஆபரேஷன் இப்போதுபோல அல்ல. கட்டுப் போட்டு, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, நாள்கணக்கில் அசையாமல் படுக்க வேண்டும். இருமக்கூடாது, தும்மக்கூடாது, சிரிக்கக்கூடாது. கடைசி நிபந்தனைதான் கஷ்டம், ஏனென்றால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது சரோஜா. லூசியின் அம்மாவுக்கு முட்டி வலி, மாடி ஏற முடியாது. ஆகவே சரோஜாதான் தினமும் ரசஞ்சோற்றோடு போவாள். "அசையாம இருந்துருவீங்களா அக்கா?" என்று கேட்டதற்கு, கட்டுக்குக் கீழே உதடு மட்டும் அசைய லூசி சொன்னாராம்: "எங்க புனிதையை மாடு கட்டி இழுத்தும் அசையலை. நான் மணல் மூட்டைக்கா அசைவேன்?"

முதலில் ஒரு கண், பிறகு சில மாதம் கழித்து இன்னொன்று. இரண்டாவது விடுப்புக்கு அதிகாரி, "உடம்புக்கு என்னதாம்மா?" என்று கேட்டார். "சரியாயிட்டு வருது சார்" என்று லூசி சொன்னார். அது முழு உண்மை. சோடா பாட்டில் அடிபோலத் தடித்த கண்ணாடியோடு அவர் மேஜைக்குத் திரும்பிய நாளில், டெஸ்பாட்சிலிருந்து குரல் வந்தது: "என்ன மேடம், நாலு கண்ணா?" லூசி காகிதத்தை உருளையில் சொருகிக்கொண்டே, "எங்க புனிதைக்கும் நாலுதான்" என்றார். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, ரொம்ப வருத்தமாக, "சார், உங்களுக்கு இவ்வளவு முன்வழுக்கையா?" என்றார். டிராஃப்ட்டை அன்றோடு படிக்கச் சொல்வதை நிறுத்திவிட்டார். சொல்லத் தேவையில்லை, கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

கண் யாரால் சரியானது என்பதில் பல கருத்துகள் இருந்தன. லூசியின் அம்மா புனிதைக்குப் பூசை வைத்தார். எங்கள் வீட்டுக்காரர் உத்திர வீதி ஐயங்கார், "எல்லாம் பெருமாள் அனுக்ரஹம் ஓய், நீர் கைங்கர்யம் பண்ணினீர், அவ்வளவுதான்" என்று என்னையும் சேர்த்துக்கொண்டார். டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை, அவர் சங்கோஜி. கோப்பில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், அனுமதித்தவர் யார் என்பது மட்டும் படிக்க முடியவில்லை.

சரோஜா யாரோடும் வாதாடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "சமயபுரம் போகணும், வேண்டுதல் இருக்கு" என்றாள். லூசியும் வந்தார். பஸ்ஸில், "நான் உள்ள வந்தா எங்க சாமியார் கோச்சுக்குவாரே" என்று தயங்கினார். "நீங்களா வேண்டிக்கிட்டீங்க? நான் வேண்டிக்கிட்டது. நான்தான் போடணும். நீங்க சும்மா கூட நடந்து வாங்க" என்றாள் சரோஜா.

கடையில் வெள்ளிக் கண்மலர் ஒரு ஜோடி வாங்கி, பித்தளைத் தட்டில் தேங்காய்க்கும் எலுமிச்சம்பழத்துக்கும் வேப்பிலைக்கும் நடுவில் வைத்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். பச்சைச் சேலை, அரக்குச் சிவப்பில் ரவிக்கை. அவள் அதை யோசித்துக் கட்டியிருக்க மாட்டாள், அவளிடம் இருந்த நல்ல சேலையே அது ஒன்றுதான். பக்கத்தில் லூசி, கூட்டத்தில் இடிபடாமல் அவளுக்கு வழிவிலக்கிக்கொண்டு. நான் செருப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால். வெயிலில் தட்டில் இருந்த கண்கள் பளிச்சென்று மின்னின. சரோஜா கூட்டத்தில் எங்களைத் தேடித் திரும்பிப் பார்த்தாள்.

முகத்திலும் கண், தட்டிலும் கண்.

கல்லூரி நூலகத்துப் புத்தகத்தில் அந்தப் படத்துக்கு இருந்த விளக்கம் எல்லாம் எனக்கு அன்றைக்கு மறந்துவிட்டது. பிறகு ஞாபகம் வந்தது, ஆனால் அதை வைத்துக்கொண்டு பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை.

லூசி ஓய்வு பெறும்வரை அதே இயந்திரத்தில் அடித்தார். அம்மா போன பிறகு வீட்டைக் காலி செய்துகொண்டு பெங்களூரில் தம்பியோடு இருக்கப் போனபோது, படத்தை இங்கே தனக்கு ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கொடுத்தார். "இவங்க வேலையைத்தான் நீங்க பாக்கறீங்க, இங்கயே இருக்கட்டும்" என்றாராம். டாக்டர் இப்போது இல்லை, மகன்தான் பார்க்கிறார். மாடிக்கு மேல் மாடியாகக் கட்டடம் எழும்பியதில் படம் மட்டும் தப்பித்திருக்கிறது. லூசி பெங்களூரிலேயே காலமானார் என்று தாமதமாகக் கேள்விப்பட்டேன். மேலப்புதூர்ச் சந்தில் அந்த வீடு இருந்த இடத்தில் வண்டிகள் நிறுத்துகிறார்கள். தட்டச்சு இயந்திரங்களை எடைக்குப் போட்டது என் கண்காணிப்பில்தான், முறைப்படி. கண் ஆபரேஷனுக்கு இப்போது மணல் மூட்டை கிடையாது. போன வாரம் எனக்குக் கால் மணியில் ஆபரேஷன் முடிந்து, நானே நடந்து வெளியே வந்து ஆட்டோவில் ஏறினேன். அசையாமல் படுக்க வேண்டியதில்லை என்பதால் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கவைக்கவும் ஆள் வேண்டியதில்லை. சரோஜா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன.

"அதுக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கு," என்றார் முசிறி அம்மா, படத்தை விட்டு முகத்தைத் திருப்பாமல். "யாருக்கு வேண்டிக்கிட்டுதோ."

சிசிலி, லத்தீன், வெளிச்சம், சீதனம், மாடு, வாள் எல்லாம் நாக்கு நுனியில் தயாராக நின்றன.

"ஒரு டைப்பிஸ்டுக்குங்க," என்றேன்.

"நல்லாயிருச்சா?"

"ஆயிருச்சு."

அவர் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு என் கறுப்புக் கண்ணாடியையும் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியையும் பார்த்தார்.

"உங்களுக்கு யாருங்க வேண்டிக்கிட்டது?"

"அந்தப் போஸ்ட் காலியா இருக்குங்க," என்றேன். "இன்னும் நிரப்பல."